பி.டி. டீச்சரின் குதிகால்

எண்பதுகளின் நடுவில் நான் ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தேன். வெள்ளைப் புடவை, வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். இந்த மூன்றும் இருந்தால் பி.டி. டீச்சர் ஓட வேண்டிய அவசியமே இல்லை என்பதை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே கண்டுகொண்டேன். நான் விசில் ஊதினால் மற்றவர்கள் ஓடுவார்கள். திரும்ப ஊதினால் நிற்பார்கள். பத்து வருடம் இப்படியே போனது. எனக்கு முப்பத்தாறு வயதானபோது, விசில் முன்போல நேராகத் தொங்காமல் வயிற்றின்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

அந்த ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள்.

"டீச்சர், உங்களுக்கு ஓடத் தெரியுமா?"

அதில் குறும்பு எதுவும் இல்லை. உங்களுக்கு காபியில் சர்க்கரை போடலாமா என்பது போலத்தான் கேட்டாள்.

"தெரியாமத்தான் உங்களுக்குச் சொல்லித் தர்றேனா?"

"இல்ல டீச்சர். பாட்டு டீச்சரு அவங்களே பாடிக் காட்டுறாங்க. அதான் கேட்டேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் அறிவித்தேன். அவர் பட்டு நெசவு செய்பவர். எங்கள் வீட்டு முன்னறையில் தரையில் குழி வெட்டிப் போட்ட தறி. குழிக்குள் காலை விட்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

"நாளையிலேர்ந்து காலையில ஓடப் போறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்லீங்க. சும்மா ஓடப் போறேன்."

"சும்மா ஓடறதுக்கு எதுக்குத் தெருவுக்குப் போவணும்? இங்கியே கூடத்துல ஓடேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதியை மிதிக்கத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலைப்பை இடுப்பில் முடிந்து, போளூர் ரோட்டில் ஓடினேன். கல்லூரி நாட்களில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் பரிசு வாங்கியவள் நான். அந்த இருபது வயதுப் பெண் எனக்குள் எங்கோ இருக்கிறாள், எழுப்பினால் எழுந்துவிடுவாள் என்று நம்பினேன். கை கால்களை உதறி, தசைகளை இழுத்துவிட்டு, மெதுவாகத் தொடங்குவது எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று எனக்கு ஒரு எண்ணம். தினமும் இருநூறு பெண்களை அதைச் செய்யச் சொல்லி விரட்டுகிறவளும் நான்தான்.

அந்தக் காலத்தில் ஆரணித் தெருவில் புடவை கட்டிய பெண் ஒருத்தி ஓடினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். பால்காரர் சைக்கிளை என் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இன்னா ஆச்சி? வூட்ல யாருக்குன்னா ஒடம்பு சரியில்லியா?"

எனக்கு மூச்சு வாங்கியது. பேச வரவில்லை. ஒன்றுமில்லை என்பதற்காகக் கையை மட்டும் விரித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். "அய்யய்யோ" என்று சைக்கிளைத் திருப்பியவர் எனக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் போய்விட்டார். நான் வீடு திரும்பியபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் என் கணவர், இடுப்புத் துண்டோடு, முகம் வெளிறி நின்றார்.

"யாருக்குடி இன்னா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஓடினேன். அவ்ளோதான்."

வந்தவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கலைந்து போனார்கள்.

இரண்டாம் நாள் பஸ். நான் ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த போளூர் பஸ் என்னைத் தாண்டிப் போய், சட்டென்று நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கையை வீசினார்.

"ஜல்தி வாம்மா, ஜல்தி! ஏறு ஏறு!"

"நான் வரலீங்க."

"வராதவங்க எதுக்கும்மா பஸ்ஸுக்கு முன்னாடி ஓடினு இருக்கீங்க? ஒரே பேஜாரா பூட்ச்சி" என்று திட்டிவிட்டு விசில் கொடுத்தார். ஜன்னலோரம் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வேறொரு கண்டக்டர் அதே போல நிறுத்தினார். உள்ளே இருந்த கிழவர் ஒருவர், "பாவம், கம்முனு வுட்டுட்டுப் போவாதப்பா, பொம்பள" என்று எனக்காக வாதாடினார். அவருக்காகவாவது ஏறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

நான்காம் நாள் முதல் ரோட்டை விட்டுவிட்டு ஆற்று மணலுக்கு மாறினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, பஸ் இல்லை, ஆட்கள் இல்லை. மணல் மட்டும் இருந்தது. ஒவ்வொரு அடியிலும் குதிகால் உள்ளே புதையும். அதைப் பிடுங்கி அடுத்த அடி வைக்க வேண்டும். அது நல்ல பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். கஷ்டமாக இருப்பதெல்லாம் நல்லது என்று நினைப்பது பி.டி. டீச்சர்களின் தொழில் வியாதி. இரண்டு வாரம் மணலில் ஓடினேன். வேகத்தையும் கூட்டினேன்.

ஒருநாள் காலை பாயிலிருந்து எழுந்து முதல் அடி வைத்தேன். வலது குதிகாலுக்கு மேலே, காலின் பின்பக்கம் கயிறு போல இறங்கும் இடத்தை யாரோ இடுக்கியால் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து அடி நடந்ததும் வலி குறைந்து, பல் துலக்கி முடிக்கும்போது காணாமலே போய்விட்டது. போன வலிதானே என்று அன்றும் ஓடினேன். மறுநாள் கயிறு வீங்கியிருந்தது. தொட்டால் உயிர் போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. பி.டி. டீச்சர் ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டாள் என்றால் ஊர் சிரிக்கும். முக்கியமாக வீட்டில் மறைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதில் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். தறிக் குழியில் உட்கார்ந்திருப்பவருக்கு வீட்டுக்குள் வருகிறவர்களின் கால்தான் முதலில் தெரியும், முகம் பிறகுதான். என் கணவருக்கு உறவுக்காரர்கள், கடைக்காரர்கள், தபால்காரர் எல்லோரையும் காலைப் பார்த்தே தெரியும். நான் சிரித்த முகத்தோடு அவரைத் தாண்டிப் போனேன்.

"நில்லு" என்றார்.

நின்றேன்.

"வலது கால் இன்னா? புடலங்கா மாதிரி கீது."

"ஒண்ணுமில்லீங்க. ஷூ கடிச்சிது."

"ஷூ கடிச்சா தோலு உரியும். இது உள்ள வீங்கிக்கீது. நடை சத்தமே மாறிப் போச்சி ரெண்டு நாளா. ஒரு கால் வைக்கிற, ஒரு கால் இழுக்கிற. தெரியாதுன்னு நெனச்சியா?"

பள்ளியில் மறைப்பது சுலபமாக இருந்தது. மைதானத்துக்குப் பதிலாகப் புங்கமரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து, நாற்காலியில் அமர்ந்தபடி சுகாதாரப் பாடம் எடுத்தேன். எந்தப் பாடத்துக்கு நான் எழுந்து நின்று செய்து காட்ட வேண்டியதில்லை என்று யோசித்ததில் பல் கிடைத்தது. பல் துலக்குவது எப்படி, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், ஈறு என்றால் என்ன, கடைவாய்ப் பல்லின் வேலை என்ன. இரண்டு வாரம் பல்லைத் தவிர வேறெதுவும் நடத்தவில்லை. எச்.எம். அம்மா ஒருநாள் மரத்தடிக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"என்ன டீச்சர், இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ்ல நம்ம பொண்ணுங்க பல்லாலதான் ஓடப் போறாங்களா?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். மதிய இடைவேளைக்குள் ஆசிரியர் அறை முழுவதும் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். செங்கல்லைச் சுட வைத்து எருக்கிலையைப் போட்டு அதன்மேல் குதிகாலை வை என்றார் கணக்கு டீச்சர். வைத்தேன். வலியோடு சூடும் சேர்ந்தது. நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சித் தடவு என்றார் தையல் டீச்சர். தடவினேன். வகுப்பில் என்னைச் சுற்றி ஊறுகாய் வாசனை அடித்தது.

கடைசியில் என் கணவர், முள்ளிப்பட்டில் ஒருவர் கட்டுப் போடுகிறார் என்று சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெரியவர் என் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "நரம்பு பெரண்டுக்கீது" என்றார். முட்டையின் வெள்ளைக் கருவையும் உளுத்தம் மாவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கினார். பத்து நாள் தண்ணீர் படக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் முட்டை தன் குணத்தைக் காட்டியது. பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. நான் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. நான் உட்கார்ந்தால் என் கட்டின் அருகே உட்கார்ந்து, பக்தியோடு கண்ணை மூடிக்கொள்ளும். பள்ளிக்குக் கிளம்பினால் தெருமுனை வரை வரும். அந்த வீட்டு அம்மா, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவி, அதுவரை என்னோடு அதிகம் பேசியதில்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருநாள் வாசலில் நின்று கேட்டே விட்டார்.

"எங்க பூனைய எதுக்கு டீச்சர் தெனமும் இட்டுகினு போறீங்க?"

"நான் இட்டுகினு போகலைங்க. அதுவா வருது."

"இத்தினி வருஷமா வராதது இப்ப மட்டும் எப்படி வருது?" என்று சொல்லிவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். வலி இல்லை! வீக்கமும் வடிந்திருந்தது. நான் நேராகப் பள்ளிக்குப் போய், பல்லுக்கு விடை கொடுத்துவிட்டு, எட்டாம் வகுப்பை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நீளம் தாண்டுவது எப்படி என்று பத்து வருடமாக வாயால் சொன்னதை அன்று செய்து காட்டினேன். ஓடி வந்தேன், பலகையில் மிதித்தேன், தாண்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்னொரு தடவை என்றார்கள். இன்னும் நான்கு தடவை தாண்டினேன்.

மறுநாள் காலை பாயிலிருந்து கொல்லைப்புறம் வரை தவழ்ந்து போனேன்.

என் கணவர் தறியை நிறுத்திவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, வேலூர் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஓர் எலும்பு டாக்டரம்மா இருந்தார். குள்ளமான, வேகமாகப் பேசுகிற மனுஷி. என்னைக் குப்புறப் படுக்க வைத்து, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். பாதம் அசைந்தது. "அறுந்து போகல, நல்லதாப் போச்சு" என்றார். பிறகு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் கிள்ளினார். நான் கத்தினேன்.

"என்ன வேலை செய்றீங்க?"

"ஸ்கூல்ல வேலை" என்றேன்.

"பி.டி. டீச்சருங்க" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஓடறதுக்கு முன்னாடி வார்ம்-அப் பண்ணீங்களா?"

"இல்ல."

"பொண்ணுங்களைப் பண்ணச் சொல்வீங்களா?"

"சொல்வேன்."

"அவங்க யாருக்காவது இந்த வலி இருக்கா?"

"இல்ல."

அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்தேன். அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது நரம்பு இல்லம்மா. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போட கட்டி வச்சிருக்கிற நாண். வில்லுல இருக்குமே, அது மாதிரி. பத்து வருஷம் சும்மா வச்சிருந்துட்டு ஒரே நாள்ல இழுத்தா அது என்ன பண்ணும்?"

"அப்ப இன்னும் ஒரு மாசம் ரெஸ்ட்டு எடுக்கட்டுங்களா?" என்று என் கணவர் கேட்டார். அவருக்கும் அந்த மாதம் கொஞ்சம் ஓய்வு தேவையாக இருந்தது.

"பத்து நாள் ரெஸ்ட் எடுத்தாங்களே, என்ன ஆச்சு? ரெஸ்ட்ல வலி போகும், பலம் வராது. அதுக்கு வேலை குடுக்கணும், கொஞ்சம் கொஞ்சமா. படிக்கட்டு விளிம்புல முன்னங்கால் மட்டும் படற மாதிரி நில்லுங்க. ரெண்டு காலாலயும் எழும்புங்க. அப்புறம் வலிக்கிற கால்ல மட்டும் வெயிட் போட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா இறங்குங்க. குதிகால் படிக்குக் கீழே போகணும். பதினஞ்சு தடவை. கொஞ்சம் நின்னுட்டு மறுபடி பதினஞ்சு. காலையிலயும் சாயங்காலமும்."

"வலிக்குமா டாக்டர்?"

"வலிக்கும். பொறுக்கிற மாதிரி வலிச்சாச் செய்யுங்க. மறுநாள் காலையில கூடுதலா வலிச்சாக் குறைச்சுக்குங்க. மூணு மாசம் ஓடக் கூடாது. தாண்டக் கூடாது. செஞ்சு காட்டக் கூடாது." கடைசி மூன்று வார்த்தைகளைச் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்தார்.

ஷூவுக்குள் குதிகாலைக் கொஞ்சம் உயர்த்த ரப்பர் வைக்கச் சொன்னார். ஆரணி பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவரிடம் ஷூவைக் கொடுத்து, வலது காலுக்கு மட்டும் என்றேன். அவர் ஹவாய் செருப்பை வெட்டி இரண்டு ஷூவிலும் வைத்துக் கொடுத்தார். "ஒண்ணுக்கு மட்டும் வச்சா இடுப்பு கோணிக்கும் டீச்சரம்மா. அப்பறம் இடுப்புக்கு வேற வைத்தியம் பாக்கணும்" என்றார். அடுத்த முறை டாக்டரம்மாவிடம் சொன்னபோது, அதைத் தானே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கல்படி இருந்தது. அதில் நின்றால் பிடித்துக்கொள்ள வசதியாக எதிரில் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கொல்லை. நான் சாதாரணமாக நின்றால் சுவர் என் நெற்றி வரை வரும். குதிகாலைத் தூக்கி எழும்பினால் என் கண்கள் சுவருக்கு மேலே போகும். அங்கே அந்தக் குமாஸ்தா வீட்டம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பார், அல்லது கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பிறகு நான் மெதுவாக, டாக்டரம்மா சொன்னபடி ரொம்ப மெதுவாக, கீழே இறங்குவேன்.

எனக்கு இது தோன்றவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கையிலேயே கவனமாக இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்பது இப்போது நினைத்தால் புரிகிறது. ஒரு தலை, பல்லைக் கடித்தபடி, கண்ணை உருட்டிக்கொண்டு, சுவருக்கு மேலே எழும்புகிறது. உற்றுப் பார்க்கிறது. மெல்ல மெல்ல மறைகிறது. மறுபடி எழும்புகிறது.

மூன்றாம் நாள் அவர்கள் கொல்லையில் சுவரை ஒட்டி ஒரு பழைய போர்வையைக் கட்டினார்கள். காற்றில் அது விழுந்துவிட்டது. ஐந்தாம் நாள் வேப்பிலை செருகினார்கள். அடுத்த வாரம் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் வந்தது. கோரைப்பல், பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, எல்லாம் வரைந்து சரியாக என் படிக்கு எதிரே கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். நான் எழும்பும்போதெல்லாம் அதுவும் நானும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். ஒருநாள் காலை வலி அதிகமாக இருந்தபோது, எங்கள் இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

பூசணிக்காயும் பலன் தராததால் அந்த ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தா நேரில் வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். என் கணவர் தறியில். அவர் குமாஸ்தாவின் காலைப் பார்த்தே, "வாங்க சார், உக்காருங்க" என்றார்.

குமாஸ்தா உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துப் பக்கத்து வீடு. உங்க வீட்ல, டீச்சர், எங்க வீட்டை எட்டி எட்டிப் பாக்குறாங்களாம். காலையிலயும் பாக்குறாங்களாம், சாயங்காலமும் பாக்குறாங்களாம். எங்க வீட்ல ரொம்ப பயந்துகினு இருக்காங்க."

"எத்தினி வாட்டி பாக்குறாங்களாம்?" என்றார் என் கணவர்.

குமாஸ்தா இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விவரம் வைத்திருந்தார். "பதினஞ்சி வாட்டி. அப்புறம் கொஞ்சம் நிறுத்துறாங்க. மறுபடி பதினஞ்சி வாட்டி."

"அப்ப கரெக்டாத்தான் செய்றா" என்றார் என் கணவர் திருப்தியாக. "டாக்டரம்மா சொன்ன கணக்கு அதாங்க."

உள்ளே நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். பிறகு வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, காலைக் காட்டி, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூனை ஏன் என் பின்னால் வந்தது என்பதையும் சொன்னேன். குமாஸ்தாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை நான் படியில் ஏறி எழும்பியபோது பூசணிக்காய் இல்லை. அந்த அம்மா சுவரை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எனக்குக் கூட மாடிப்படி ஏறினா கெண்டைக்கால்ல இஸ்துகினு வலிக்குது. இத நானும் செய்யலாமா?"

"மெதுவாச் செஞ்சா செய்யலாங்கக்கா. வலி அதிகமானா நிறுத்திடணும்."

அவர் துவைக்கிற கல்லைச் சுவரோரம் நகர்த்தச் சொல்லி, அதன் விளிம்பில் ஏறி நின்றார். அன்றிலிருந்து சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் எழும்பி இறங்கின. சேர்ந்து தொடங்குவோம், ஐந்தாம் தடவைக்குள் தாளம் மாறி, ஒருவர் மேலே வரும்போது மற்றவர் கீழே போய்விடுவார். இதனால் பேச்சு துண்டு துண்டாகத்தான் நடந்தது.

"நேத்து எங்க நாத்தனார் வந்து" என்பார் மறைந்தபடி.

நான் மேலே வந்து, "வந்து?" என்பேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நான் இறங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் எழும்பும்: "கம்மல கேட்டாங்க!"

நாத்தனாருக்குக் கம்மல் கொடுத்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது தடவை ஆயிற்று. கொடுக்கவில்லை. ஒருநாள் என் கணவர் வெந்நீர் எடுக்கக் கொல்லைக்கு வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தறி மிதி மாதிரியே கீது. ஒண்ணு ஏறினா ஒண்ணு எறங்குது. நடுவுல பாவு நூலக் கட்டிட்டா பொடவையே நெய்யலாம்."

வலி ஒரே நாளில் போகவில்லை. முதல் மாதம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு முறை நம்பிக்கை இழந்து, டாக்டரம்மாவை மனதுக்குள் திட்டினேன். ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஒருநாள் அவசரமாக மாடிப்படி இறங்கினால் பழையபடி திரும்பிவிடும். அப்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார் என்பதற்காகவே படியில் ஏறினேன். இரண்டாம் மாதம் காலை முதல் அடியின் இடுக்கி கொஞ்சம் தளர்ந்தது. மூன்றாம் மாதம் பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தப் பாரத்தோடு ஏறி இறங்கினேன். உள்ளே இருந்தவை எட்டாம் வகுப்பின் சுகாதாரத் தேர்வுத் தாள்கள். பல்லைப் பற்றி எல்லோரும் மிக விரிவாக எழுதியிருந்தார்கள்.

டாக்டரம்மா இரண்டாம் முறை கிள்ளியபோது நான் கத்தவில்லை. "இனிமே ஓடலாம்" என்றார். "ஆனா ஓடற மாதிரி ஓடக் கூடாது. ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

என்னிடம் இருந்த கடிகாரம் நின்றுபோயிருந்ததால் கோட்டை மைதானத்தைச் சுற்றி விளக்குக் கம்பங்களைக் கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. குமாஸ்தா வீட்டம்மாவும் உடம்பு இறங்க வேண்டும் என்று கூட வந்தார். முதல் கம்பத்துக்கு ஓடத் தொடங்கினேன். கையை வீசி, மூச்சைக் கட்டுப்படுத்தி, மிகுந்த ஜாக்கிரதையோடு ஓடினேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அவர் எனக்கு இணையாக வந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் ஓடறீங்களா அக்கா?"

"இல்லியே, நான் நடந்துகினுதான் இருக்கேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஓட ஆரம்பிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேகத்தைக் கூட்டவில்லை. அந்த வருடம் நான் கற்றுக்கொண்டதிலேயே கஷ்டமான பயிற்சி அதுதான். கால் போகலாம் என்கிறது, மனசு போகலாம் என்கிறது, ஒரு குண்டான அம்மா நடந்தே நம்மைத் தாண்டிப் போகிறார், அப்போதும் அடுத்த கம்பத்தில் நின்றுவிட வேண்டும்.

பிப்ரவரியில் பள்ளி ஸ்போர்ட்ஸ் டே. பிள்ளைகளின் பந்தயங்கள் முடிந்ததும் எச்.எம். அம்மா மைக்கில், "இப்போது ஆசிரியைகளுக்கான ஐம்பது மீட்டர் ஓட்டப் பந்தயம்" என்று என்னைக் கேட்காமலே அறிவித்துவிட்டார். சுண்ணாம்புக் கோட்டில் ஆறு பேர் நின்றோம். எச்.எம். அம்மாவே ஒருவர். நான் மட்டும் கோட்டுக்குப் பின்னால் கை கால்களை உதறி, கெண்டைக்காலை இழுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே குதித்து, முறைப்படி எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். மற்றவர்கள் பொறுமை இழந்து பார்த்தார்கள். "டீச்சர், ஐம்பது மீட்டர்தான். சிங்கப்பூருக்கு இல்ல" என்றார் கணக்கு டீச்சர்.

விசில் ஊதினார்கள். பாதி தூரம் வரை நானும் தையல் டீச்சரும் சமமாகப் போனோம். பள்ளியே கத்தியது. என் கால் இன்னும் கொடுக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கொடுத்தால் நாளைக் காலை அது வட்டியோடு கேட்கும் என்பதும் தெரிந்தது. ஒரே ஒரு கணம் இருபது வயதுப் பெண் உள்ளிருந்து முட்டினாள். அவளைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, ஓடிய வேகத்திலேயே ஓடினேன். தையல் டீச்சர் என்னை நான்கடி பின்னால் விட்டுவிட்டுப் போய் ஜெயித்தார். வாழ்நாளில் ஒருநாள்கூட உடற்பயிற்சி செய்யாதவர் அவர்.

"எப்படி டீச்சர் இந்த ஓட்டம் ஓடினீங்க?" என்று கேட்டேன், இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது.

"பாதியில பாலை அடுப்புல வச்சிட்டு வந்த ஞாபகம் வந்துடிச்சி" என்றார். சொல்லிவிட்டு உண்மையாகவே வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். முதல் பரிசை அவருக்காக எச்.எம். அம்மாதான் வாங்கி வைத்தார். எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா கிடைத்தது.

மறுநாள் விழித்ததும் எழாமல் படுத்திருந்தேன். பயமாக இருந்தது. முதலில் இடது காலை ஊன்றினேன். பிறகு வலது காலைத் தரையில் வைத்து, மெல்ல மெல்ல உடம்பை அதன்மேல் ஏற்றினேன். லேசாக இழுத்தது. முந்தின நாள் எவ்வளவு இழுத்ததோ அவ்வளவுதான். அதற்குமேல் இல்லை. கூடத்தைக் குறுக்காக நடந்து போனபோது தறிக் குழியிலிருந்து, "ம், சத்தம் சரியாக் கீது" என்று என் கணவர் தலையைத் தூக்காமலே சொன்னார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. போய் முகம் கழுவிக்கொண்டேன்.

அடுத்த ஜூன் முதல் ட்ரில் பீரியடில் பிள்ளைகளோடு நானும் கை கால் உதறி, அவர்களோடு சேர்ந்தே முதல் சுற்றை ஓடத் தொடங்கினேன். வேகமாக இல்லை; வரிசையின் கடைசியில் அவர்களை ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி. இரண்டு வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிலர் எச்.எம். அறைக்குப் போய் என்மேல் புகார் சொன்னார்கள். அதை எச்.எம். அம்மா ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவர்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"முன்னல்லாம் பி.டி. டீச்சர் நின்னுகினு விசில் மட்டும்தான் ஊதுவாங்க மேடம். நாங்க புங்கமரத்துக்குப் பின்னால குறுக்கால பூந்து வந்துடுவோம். இப்ப அவங்களும் கூடவே ஓடியாறாங்க. எங்களால முழுச் சுத்தும் ஓட முடியல மேடம்."